எஞ்சின் சூடாகவில்லை, முள் மட்டும் ஏறியது

என் காருக்கு 35 வயது. கார்புரேட்டர் வைத்த, நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். என்றைக்கு ஆயில் மாற்றினேன், எந்த போல்ட்டைக் கழற்றினேன், ஓட்டும்போது என்ன சத்தம் கேட்டது என்று எல்லாவற்றையும் அதில் தேதி போட்டு எழுதிவிடுவேன். போன வருடம் அந்த நோட்டில் நான்கு புகார்கள் திரும்பத் திரும்ப வந்தன. மாலை நேரத்தில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. காலையில் செல்ஃப், அதாவது எஞ்சினைக் கிளப்பும் மோட்டார், மந்தமாகச் சுற்றுகிறது. பேட்டரி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இறங்கிவிடுகிறது. ஆக்சிலரேட்டர் மிதி இறுகுகிறது. நான்கையும் நான்கு தனி நோய்களாக நினைத்து ஒவ்வொன்றுக்கும் தனியாக வைத்தியம் பார்த்தேன். பழைய வண்டி வைத்திருக்கும் பலர் இதே வழியில் போய் நல்ல பாகங்களைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதால், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் பயந்தது முள்ளைப் பார்த்துத்தான். சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஒருமுறை நன்றாக ஓவர்ஹீட் ஆனால் ஹெட் வளைந்துவிடும், கேஸ்கெட் போய்விடும், அதன் பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டியிருக்கும். அதனால் முள் முக்காலைத் தாண்டிய முதல் வாரமே கூலிங் பக்கம் முழுவதையும் பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

ஒரு இரவு முழுக்க ஆறவிட்டுத்தான் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். சூடாக இருக்கும்போது அதைத் தொடவே கூடாது. மூடியின் மேல் 0.9 என்று அச்சிட்டிருக்கும். உள்ளே 0.9 பார் அழுத்தம் வரை தண்ணீரை அது பிடித்து வைக்கும் என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று போய்விடும். 100 டிகிரிக்கு மேல் சும்மா இருந்த தண்ணீர் அந்த நொடியே ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

உள்ளே இருந்தது டீத்தண்ணீர் நிறம். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் கூலன்ட் ஊற்றாமல் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார், எல்லாம் துரு. கீழ் ஹோஸைக் கழற்றி வடித்தேன். பிறகு ரேடியேட்டரின் கீழ் வாயிலிருந்து மேல் வாய்க்குத் தண்ணீர் விட்டேன். வழக்கமாக ஓடும் திசைக்கு எதிராக விட்டால்தான் குழாய்களின் வாயில் அடைத்து நிற்கும் செதில்கள் பின்வாங்கி வெளியே வரும். தெளிந்த தண்ணீர் வர முக்கால் மணி நேரம் ஆனது.

மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். நடுவில் சரியாகத்தான் இருந்தது. கிளிப் பிடிக்கும் இரண்டு முனைகளில் மட்டும் ஊறிய ரப்பர் போலக் கொழகொழவென்று இருந்தது. கழற்றி உள்பக்கம் பார்த்தால் நீளவாக்கில் வெடிப்பு. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. ஹோஸ்களை எப்போதும் முனையில்தான் அமுக்கிப் பார்க்க வேண்டும், நடுவில் அமுக்கினால் ஒன்றும் தெரியாது. இரண்டு ஹோஸையும் மாற்றினேன். மூடியின் ரப்பரும் காய்ந்து இறுகியிருந்தது, அதையும் மாற்றினேன்.

அடுத்தது தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. அதன் மூடியை இரண்டு 6 மில்லிமீட்டர் போல்ட்கள் பிடித்திருந்தன. முதலாவது வந்துவிட்டது. இரண்டாவது கொஞ்சம் திரும்பியது, அப்புறம் ரப்பர் போல ஒரு மெதுவான இழுவை கைக்குத் தெரிந்தது. அந்த உணர்வு வந்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. தலை தனியாகக் கையோடு வந்துவிட்டது.

அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் இருந்து, அங்கே கூலன்ட் கசிந்தால், மரையைச் சுற்றி வெள்ளைப் பொடியாக அரிப்பு ஏறி இரண்டையும் சிமென்ட் போலக் கட்டிவிடும். நல்ல வேளை, மூடியை எடுத்த பிறகு உடைந்த போல்ட் 5 மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே நின்றது. துரு நீக்கும் எண்ணெயை அடித்து இரவு முழுக்க ஊறவிட்டேன். மறுநாள் ஹீட் கன்னால் போல்ட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருந்த அலுமினியத்தைச் சூடாக்கினேன். ஒரே சூட்டில் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் உலோகம் அலுமினியம், அதனால் பிடி தளரும். பக்கத்தில் கார்புரேட்டர் இருந்ததால் தீ காட்டும் கருவி எதையும் எடுக்கவில்லை. வைஸ் கிரிப்பால் பிடித்து முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் திசையில் ஒரு மயிரிழை, திரும்ப எண்ணெய், திரும்பச் சூடு. இப்படியே நாற்பது நிமிடம் போனது. கடைசியில் ஒரு கிரீச் சத்தத்தோடு முழுச் சுற்று சுற்றி வெளியே வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. மரைக்குச் சேதம் இல்லை. மரை வெட்டும் 6 மில்லிமீட்டர் டாப் விட்டுச் சுத்தம் செய்ததோடு முடிந்தது. இப்போதெல்லாம் எந்தப் பழைய போல்ட்டையும் கழற்றும் முன் முதலில் இறுக்கும் பக்கம் லேசாக அசைத்துப் பார்க்கிறேன். அரிப்பு உடையும் சின்ன ‘டக்’ கேட்ட பிறகுதான் கழற்றும் பக்கம் திருப்புவேன்.

தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது. ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்திலேயே தெர்மாமீட்டரும் வைத்து அடுப்பை மெதுவாக எரியவிட்டேன். 83 டிகிரியில் வாய் பிளக்க ஆரம்பித்தது, கொதிநிலை நெருங்கும்போது முழுக்கத் திறந்தது. பழுதே இல்லை. அதையே திரும்பப் போட்டேன், கேஸ்கெட் மட்டும் புதிது. ஓரத்தில் ஆடும் சின்ன ஆணி மேல்பக்கம் வரும்படி வைக்க வேண்டும், காற்று வெளியேற அதுதான் வழி.

கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றினேன். முதல் ஓட்டத்திலேயே ஹீட்டர் குளிர்ந்த காற்றை ஊதியது, முள்ளோ ஏறிக்கொண்டு போனது. உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகு ஹீட்டர் வால்வை முழுக்கத் திறந்து, வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தேன். மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் குமிழி குமிழியாக வந்தது. இன்னும் முக்கால் லிட்டர் குடித்தது. வடித்த பழைய திரவத்தை மூடியுள்ள கேனில் பிடித்துத் தனியாக வைத்தேன். கூலன்டில் இருக்கும் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும், குடித்தால் உயிர் போகும். குழந்தைகளுக்கும் அப்படித்தான். தரையில் விடவே கூடாது.

இவ்வளவும் செய்து முடித்த மூன்றாம் நாள் மாலை முள் மறுபடியும் முக்காலில் நின்றது.

அன்றைக்கு வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கி, தூரத்திலிருந்தே சூடு காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைத் தெர்மோஸ்டாட் மூடிமேல் காட்டினேன். 87. ரேடியேட்டரின் மேல் பகுதி 84. மின்விசிறி சரியான நேரத்தில் ஓடி நின்றது. எஞ்சின் எப்போதும்போல்தான் இருந்தது, முள் மட்டும் பொய் சொன்னது. சென்சாரை மாற்றினேன். அப்போதும் அதே கதை. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் முள்ளைப் பொருட்படுத்தாமல் ஓட்டினேன். ஒரு எச்சரிக்கை மீட்டரைப் பார்த்தும் பார்க்காமல் ஓட்டுவது மனசுக்குப் பிடிக்கவே இல்லை.

இதற்கிடையில் செல்ஃப் பிரச்சினை முற்றியது. சாவியைத் திருப்பினால் ‘ஊ... ஊ... ஊ...’ என்று இழுத்துச் சுற்றும். பேட்டரிக்கு நான்கு வயது ஆகியிருந்ததால் புதியது போட்டேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது, திரும்பப் பழையபடி. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அவர் கார்பன் பிரஷ்ஷையும் புஷ்ஷையும் மாற்றிவிட்டு, “பெஞ்சுல வெச்சா விர்ருன்னு சுத்துது சார், மோட்டார்ல ஒண்ணும் இல்ல” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. பெஞ்சில் மோட்டாரின் உடம்புக்கு பேட்டரியின் நெகட்டிவை நேராகக் கிளிப் போட்டுக் கொடுப்பார்கள். வண்டியில் அந்த நெகட்டிவ் எந்த வழியாகப் போய்ச் சேருகிறது என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

பேட்டரி இறங்குவதற்கும் காரணம் தேடினேன். வண்டி நிற்கும்போது எங்கேயோ கரன்ட் கசிகிறதா என்று நெகட்டிவ் கேபிளுக்கு நடுவில் மீட்டரைப் போட்டுப் பார்த்தேன். 18 மில்லி ஆம்பியர். 50க்குள் இருந்தால் கவலை இல்லை. கசிவு கிடையாது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் தடித்த முனைக்கும் அதன் உடம்புக்கும் இடையில் மீட்டர் வைத்தால் 14.3 வோல்ட். ஆக அதுவும் ஆரோக்கியம். பேட்டரிமேல் வைத்துப் பார்க்கவில்லை. அங்கேயும் வைத்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

ஆக்சிலரேட்டர் கேபிள் கதை வேறு. மிதி இறுகி, காலை எடுத்தாலும் மெதுவாகத்தான் திரும்பியது. இது ஆபத்தான விஷயம் என்பதால் அன்றே கேபிளை மாற்றினேன். ஐந்து மாதத்தில் புதுக் கேபிளும் இறுகியது. தரம் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னொன்று வாங்கி வந்தேன். கழற்றிய கேபிளை வெட்டிப் பார்த்தபோது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை உருகிக் கம்பியோடு ஒட்டியிருந்தது. கேபிள் போகும் வழியில் சைலன்சர் குழாய் எதுவும் பக்கத்தில் இல்லை. எந்தச் சூட்டில் உருகியது?

அந்தக் கேள்வியோடு இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலையில் வண்டி எடுக்கவில்லை. என் மகள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்ப, நான் பானெட்டைத் திறந்து நின்று பார்த்தேன். நான்கைந்து முறை திருப்பியிருப்பாள்.

“அப்பா, பிளாஸ்டிக் கருகுற வாசனை வருது.”

எனக்கும் வந்தது. நிறுத்தச் சொல்லிவிட்டு வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். பேட்டரி கேபிள்கள் இரண்டும் லேசான வெதுவெதுப்பு. ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்ட விரலை உடனே எடுத்துவிட்டேன். கொதித்தது.

மிதியை இழுக்கும் ஒரு எஃகுக் கம்பி சூடாக வேண்டுமென்றால் அதில் கரன்ட் ஓட வேண்டும். அங்கே கரன்ட் ஓட ஒரே காரணம்தான் இருக்க முடியும். ஓட வேண்டிய வழி அடைபட்டிருக்கிறது.

என் வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் பாடியில்தான் போய் முடிகிறது. எஞ்சினோ ரப்பர் மவுண்ட்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரன்ட் போகாது. பாடியையும் எஞ்சினையும் இணைப்பது ஒரே ஒரு எர்த் பட்டை. செல்ஃப் மோட்டார் எஞ்சினோடு போல்ட் போட்டிருப்பதால், அது இழுக்கும் 100, 150 ஆம்பியரும் அந்தப் பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். பட்டை சரியில்லை என்றால் எஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் வேறு எந்த உலோகம் கிடைத்தாலும் அதன் வழியாகப் போகும். ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று எது கிடைத்தாலும்.

சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆனது. ஜம்பர் கேபிளின் கறுப்பு வயரை எடுத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஒரு கொக்கியிலும் மாட்டினேன். “இப்ப திருப்பும்மா.” செல்ஃப் அடித்த அடியில் முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு சத்தத்தை அந்த வண்டியில் இரண்டு வருடமாக நான் கேட்டதில்லை.

பிறகு முறையாக அளந்தேன். பழைய வண்டிக்காரர்கள் ஒரே ஒரு சோதனையைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைத்தான் கற்றுக்கொள்ளச் சொல்வேன். வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சின் பிடிக்காமல் இருக்க இக்னிஷன் காயிலின் பிளஸ் வயரைக் கழற்றிவிட வேண்டும். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கொம்பின் மேலேயே வைக்க வேண்டும், கிளாம்ப்மேல் வைக்கக் கூடாது. சிவப்பு முனையை ஒவ்வோர் இடமாக நகர்த்திக்கொண்டே ஒருவரை சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். ஒழுங்கான இணைப்பில் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்டும். நெகட்டிவ் பக்கம் மொத்தமாக 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது.

நோட்டில் எழுதிய அளவுகள் இவை: கிளாம்ப் 0.02, பாடி 0.06, எஞ்சின் 2.9.

பேட்டரி தரும் வோல்ட்டேஜில் கிட்டத்தட்ட 3 வோல்ட் பாடிக்கும் எஞ்சினுக்கும் இடையில் காணாமல் போகிறது. செல்ஃப் இழுக்கும் கரன்ட் 100 ஆம்பியர் என்று வைத்தால் அங்கே இருக்கும் தடை வெறும் 0.03 ஓம். ஆனால் 3 வோல்ட்டை 100 ஆம்பியரால் பெருக்கினால் 300 வாட் சூடு. அதில் ஒரு பங்கு என் ஆக்சிலரேட்டர் கேபிளுக்குள் இறங்கியிருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பே நான் இந்த எர்த் பட்டையைச் சோதித்திருந்தேன், அதுவும் நோட்டில் இருக்கிறது. மீட்டரை ஓம்ஸில் வைத்தபோது 0.4 காட்டியது, மீட்டரின் இரண்டு முனைகளை ஒன்றோடொன்று தொட்டாலும் அதே 0.4தான் வந்தது, அதனால் ‘எர்த் ஓகே’ என்று எழுதி டிக் அடித்திருக்கிறேன். மீட்டர் வயரின் சொந்தத் தடையே 0.4 என்னும்போது 0.03 அதன் கண்ணில் எப்படிப் படும்? பட்டையில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தால்கூட ஓம்ஸில் ‘நல்லது’ என்றுதான் சொல்லும். மீட்டர் அனுப்புவது மிகச் சின்ன கரன்ட், அதற்கு ஒரு இழையே ராஜபாட்டை. செல்ஃப் போன்ற பாரம் ஏறினால்தான் குட்டு வெளிப்படும். தடித்த கேபிள்களை ஓம்ஸில் சோதிக்கவே கூடாது. கரன்ட் ஓடும்போது இரு முனைகளுக்கும் இடையில் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டு இன்னொரு சுற்று அளந்தேன். ஹெட்லைட், மின்விசிறி, ஹீட்டர் மோட்டார் எல்லாவற்றையும் போட்டேன். ஆல்டர்னேட்டரில் 14.3. பேட்டரியின் இரண்டு கொம்புகளுக்கும் இடையில் 13.4. பாடிக்கும் எஞ்சினுக்கும் இடையில் 0.8. மீதி 0.1 பிளஸ் பக்கத்துக் கேபிளில். பேட்டரி ஏன் இறங்கியது என்பது இந்த எண்களிலேயே இருந்தது. ஆல்டர்னேட்டரும் எஞ்சின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் இருந்து வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தன் உடம்பை வைத்து அளந்து, 14.3 இருக்கிறது, போதும் என்று நிறுத்திக்கொள்கிறது. பேட்டரிக்குப் போய்ச் சேர்ந்ததோ 13.4. குறைந்த தூர ஓட்டங்களில் அந்த வோல்ட்டேஜில் பேட்டரி நிறையவே நிறையாது. இரண்டு வாரம் அரை வயிற்றில் ஓடிவிட்டுப் படுத்துவிடும்.

அப்போதுதான் முள்ளின் ஞாபகம் வந்தது. ஹெட்லைட்டை அணைத்தேன். முள் மெதுவாக இறங்கியது. போட்டேன், மெதுவாக ஏறியது. நோட்டைப் புரட்டினால் முள் ஏறியதாக எழுதிய ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்கு மேல். மாலை நெரிசல்தான் காரணம் என்று நானே பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தேன்.

இதன் காரணம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. டேஷ்போர்டுக்குப் பின்னால் மீட்டர்களுக்கு மட்டும் 10 வோல்ட் அனுப்பும் சின்ன ரெகுலேட்டர் ஒன்று இருக்கிறது. அதன் எர்த் பாடியில். டெம்பரேச்சர் சென்சாரின் எர்த் எஞ்சினில். பாடியும் எஞ்சினும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்று நம்பித்தான் அந்த மீட்டரைச் செய்திருக்கிறார்கள். லைட் போட்டதும் பாடி எஞ்சினைவிட 0.8 வோல்ட் மேலே ஏறிவிடுகிறது. 10 வோல்ட் கிடைக்க வேண்டிய மீட்டருக்கு 10.8 கிடைக்கிறது, கூடுதல் கரன்ட் ஓடுகிறது, முள் கூடுதலாகச் சாய்கிறது. எஞ்சின் சூடே ஆகவில்லை.

பட்டையைத் தேடிப் பிடிக்க பேட்டரித் தட்டையே கழற்ற வேண்டியிருந்தது. நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியில். பாஸிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் அப்போதுதான் பொறி பறக்காது. பட்டை, எஞ்சினோடு சேர்ந்திருக்கும் கியர்பாக்ஸின் போல்ட்டிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் செம்பு. கியர்பாக்ஸ் பக்க முனையில் மூன்றில் இரண்டு பங்கு இழைகள் அறுந்து பச்சைப் பொடியாகியிருந்தன. பாடி பக்கம் அதைவிட மோசம். எப்போதோ வண்டிக்கு முழுப் பெயின்ட் அடித்தவர்கள் எர்த் போல்ட் உட்காரும் இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டு, அந்தப் பெயின்ட் மேலேயே பட்டையை முடுக்கியிருக்கிறார்கள். உலோகத்தோடு உலோகம் தொட்டது போல்ட்டின் மரை ஒன்றில்தான். அதிலும் துரு.

பாடி பக்கம் ஒரு பெரிய நாணயம் அளவுக்கு உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். கியர்பாக்ஸ் பக்கத்தையும் அப்படியே. பின்னல் பட்டைக்குப் பதிலாக 25 சதுர மில்லிமீட்டர் கேபிள் எடுத்து, இரண்டு முனையிலும் போல்ட் நுழையும் ஓட்டை உள்ள லக் வைத்து நசுக்கிக் கிரிம்ப் செய்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டேன். பின்னல் பட்டை மழைத் தண்ணீரைத் திரி போல உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் எனக்கு அதில் விருப்பம் இல்லை. லக்கைச் சால்டர் மட்டும் வைத்து ஒட்டுவதையும் தவிர்க்கலாம், சால்டர் ஏறிய இடம் விறைத்துப்போய் ஆட்டத்தில் அங்கேயே முறியும். ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும் எஞ்சின் நன்றாகக் குலுங்கும், அதனால் கேபிளில் தளர்வு விட வேண்டும். லக்குக்கும் பாடிக்கும் நடுவில் பல் வைத்த ஸ்டார் வாஷர். நன்றாக முடுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவினேன்.

அதோடு எஞ்சினின் மேல்பக்கத்திலிருந்து பாடிக்கு இரண்டாவதாக ஒரு கேபிளும் கொடுத்தேன். ஒன்று அறுந்தாலும் ஆக்சிலரேட்டர் கேபிள்மேல் பாரம் விழக் கூடாது. மிதி சிக்கிக்கொள்ளும் ஆபத்தை இனி அந்த வண்டியில் நான் அனுமதிக்க மாட்டேன்.

திரும்ப அளந்தேன். சாவியைத் திருப்பும்போது எஞ்சினில் 0.09. எல்லா லைட்டும் போட்டு ஓடும்போது பாடிக்கும் எஞ்சினுக்கும் இடையில் 0.02. பேட்டரியில் 14.1. அரைகுறையாகச் சார்ஜ் ஆகிக் கிடந்த பேட்டரியைச் சார்ஜரில் ஒரு இரவு போட்டுத் தேற்றினேன். காலையில் சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்தால் 12.7, அதாவது முழுசு. அன்று இரவு ஒரு மணி நேரம் ஓட்டினோம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். பாதியை விட்டு அசையவில்லை.

எர்த் என்ற கண்ணோட்டம் வந்த பிறகு வண்டியின் வேறு சில பழக்கங்களும் புரிந்தன. பிரேக் மிதித்துக்கொண்டே வலது இண்டிகேட்டர் போட்டால் பின்பக்கம் வலது பார்க்கிங் லைட்டும் சேர்ந்து மங்கலாகக் கண் சிமிட்டும். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன். ஒரு லைட்டுக்குப் போன கரன்ட் வீடு திரும்ப வழி இல்லாமல் பக்கத்து பல்ப் வழியாகப் பின்வாசலில் வெளியேறும்போது இப்படித்தான் ஆகும். லைட் கூட்டைக் கழற்றி, கறுப்பு எர்த் வயரின் முனையை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, அது உட்காரும் இடத்தையும் தேய்த்து, புது ஸ்க்ரூ போட்டேன். இருபது நிமிட வேலை. பல்ப் ஹோல்டரின் உள்ளேயும் வெள்ளையாகப் பூத்திருந்தது, அதையும் சுரண்டினேன். பிரேக் லைட்டின் சிவப்பு இப்போது பின்னால் வருபவருக்குப் பளிச்சென்று தெரிகிறது.

ஹாரன் ஈன சுரத்தில்தான் இன்னும் கத்துகிறது. வைப்பர் மழையில் தயங்குகிறது. இரண்டின் எர்த்தும் முன்பக்கம் ஒரே போல்ட்டில் முடிகின்றன என்று வயரிங் படத்தில் பார்த்தேன், வரும் ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றப்போகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எஞ்சின் எர்த்தை அளந்து நோட்டில் எழுதுகிறேன். நேற்று எடுத்த அளவு 0.10.